முளைச்சிருச்சான்னு தோண்டிப் பார்க்கிறவர்

ஊருக்கு ஊர் ஒரு இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். நகத்துக்குள் மண் இருக்கும். தொட்டிக்குள் ஒன்றும் இருக்காது.

இவர்தான் தோண்டிப் பார்க்கிறவர். காலையில் விதையை ஊன்றுவார், பதினோரு மணிக்கு டீ குடித்த கையோடு போய் ஒரு கிளறு கிளறுவார், மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு இன்னொரு கிளறு, சாயங்காலம் "சும்மா, தலைகீழாப் போட்டுட்டமான்னு பாத்தேன்" என்று விதையைப் புரட்டிப் போட்டுவிட்டு வருவார், மறுநாள் விடிந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் மறுபடியும் போய் நிற்பார். விதைதான் என்ன செய்யும், பாவம்? கண்ணயரலாம் என்று படுத்தவனை நிமிஷத்துக்கு ஒருதரம் போர்வையை உருவி "தூங்கிட்டியா? தூங்கிட்டியா?" என்று கேட்டால் அவன் எந்த ஜென்மத்தில் தூங்குவான்?

இந்த இனத்திலேயே தேர்ந்தெடுத்த, முதல்தரமான, நாலு கலரில் அடித்துச் சுவரில் மாட்டத் தக்க ஓர் உருப்படியைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் சிவகாசிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். பேர் சபரிநாதன். வயது ஐம்பத்தாறு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். வீட்டு மொட்டை மாடியில் எழுபது தொட்டி. எழுபதிலும் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். குழி இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட மனிதர் பார்ஸ்னிப் போடக் கிளம்பியதற்குக் காரணம், விருதுநகர் பாண்டிமுருகன். பாண்டிமுருகனும் மாடித்தோட்டக்காரர்தான். போன வருஷம் அவர் தொட்டியில் ஒரு ஸ்ட்ராபெரி காய்த்தது. ஒன்றே ஒன்று. ஆட்டுப் புழுக்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதை முன்னால், பின்னால், பக்கவாட்டில், மகள் உள்ளங்கையில், மாமியார் உள்ளங்கையில் என்று வைத்து முப்பத்திரண்டு போட்டோ எடுத்து மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இருநூறு பேர் கும்பிட்டார்கள். சபரிநாதனுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஏழு தோசை தின்கிறவர் ஆறோடு எழுந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் லண்டனில் இருக்கிற மகள் ஹர்ஷினிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, அங்கன இருக்கிற காய்ல இங்கன யாரும் பேரே கேட்டிருக்காத காய் ஏதும் இருக்கா?"

"பார்ஸ்னிப்னு ஒண்ணு இருக்குப்பா. பாக்கக் கேரட்டு மாதிரி. வெள்ளையா இருக்கும்."

"ருசியா இருக்குமா?"

"பரவால்லப்பா."

"பாண்டிமுருகன் கேள்விப்பட்டிருப்பானா?"

"அதெப்படிப்பா எனக்குத் தெரியும்?"

"கேள்விப்பட்டிருக்க மாட்டான். அனுப்பு."

விதை வந்து சேர்ந்தது. அதையெல்லாம் விதை என்று சொன்னால் நம்ம ஊர் மொச்சைக்குக் கோபம் வரும். காகிதத்தைக் கிள்ளிப் போட்ட மாதிரித் தட்டையாக, எடையே இல்லாமல் இருந்தது. சபரிநாதன் மாடியில் நின்று பாக்கெட்டைப் பிரித்தார், ஒரு தும்மல் போட்டார், பாதி விதை ஆலங்குளம் பக்கமாகப் பறந்துபோய்விட்டது. அங்கே எந்தக் கல் இடுக்கில் விழுந்ததோ, தோண்ட ஆளில்லாததால் இந்நேரம் முளைத்துக் காடாகியிருக்கும்.

பாக்கெட்டின் முதுகில் மூன்று விஷயம் போட்டிருந்தது. ஒன்று, முளைக்க இருபத்தெட்டு நாள் வரை ஆகும், பொறுமை வேண்டும். இரண்டு, மண் எந்நேரமும் ஈரமாக இருக்க வேண்டும். மூன்று, போட்ட இடத்தைக் கலைக்கக் கூடாது.

முதலாவதும் மூன்றாவதும் இந்த இனத்துக்கே ஆகாதவை. ஆனால் இரண்டாவது இருக்கிறதே, ஈரம், அது சபரிநாதனின் ஊருக்கே ஆகாது. அந்த மனிதரின் அச்சகத்தில் முப்பது வருஷமாக ஓடுகிற வாசகமே "ஈரம் படாத இடத்தில் வைக்கவும்" என்பதுதான். கோடிக்கணக்கான பெட்டியில் அதை அடித்தவர். பேப்பர் ஈரமானால் கலர் ஒன்றுமேல் ஒன்று உட்காராது, மருந்து ஈரமானால் வெடிக்காது, தீக்குச்சி ஈரமானால் பற்றாது. வானம் கருத்தால் மற்ற ஊர்க்காரன் கவிதை எழுதுவான்; சிவகாசிக்காரன் காயப்போட்டதை அள்ள ஓடுவான். அந்த ரத்தத்தில் வந்தவரிடம் போய் "இருபத்தெட்டு நாள் ஈரமாகவே வைத்திரு" என்றால்?

அதெல்லாம் அப்புறம். முதல் வேலையாக என்ன செய்தார் தெரியுமா? போர்டு அடித்தார். அந்த ஊரில் சரக்கு வருவதற்கு முன்னாலேயே லேபிள் வந்துவிடும். நாலடிக்கு மூன்றடி, நாலு கலர், பளபளவென்று ஒரு வெள்ளைக் கிழங்கு, பக்கத்தில் கைகட்டிச் சிரிக்கிற சபரிநாதன். விதை போட்ட ட்ரே ரெண்டடிதான். போர்டின் நிழலில் ட்ரேக்கு வெயிலே படவில்லை.

இரண்டாவது வேலை, குழுவில் அறிவிப்பு. "தென் தமிழகத்திலேயே முதன்முறையாகப் பார்ஸ்னிப். சரியாக இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அனைவரும் வந்து கண்டு களிக்கவும். காபி, வடை உண்டு."

மூன்றாவதாகத்தான் விதை போட்டார். நாலாவதாகத் தோண்டினார்.

இந்த இடத்தில் சோலையம்மாளைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரான நாரணாபுரத்துக்காரி. பதினெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து, வெடிமருந்துத் தூசியில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்து, "இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க" என்று டாக்டர் சொன்னபிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். வீடு கூட்டுவது, பாத்திரம், மாடியில் தொட்டிக்குத் தண்ணீர். ரெண்டு வருஷமாக இழுப்பு இல்லை. இந்த வேலை போனால் திரும்பவும் அந்த வெடிமருந்துதான். அவளுக்குத் தெரிந்த வேறு வேலை கிடையாது.

எட்டாம் நாள் ட்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எட்டு நாளில் இருபத்தாறு தடவை தோண்டியாகிவிட்டது. வீட்டம்மா பொன்னுத்தங்கத்தின் ஊறுகாய்க் கரண்டிதான் ஆயுதம்.

"என்னங்க, பல்லையாவது வெளக்கிட்டுத் தோண்டக் கூடாதா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. கண்காணிப்பு இல்லாம எந்தத் தொழிலும் ஓடாது."

"கல்யாணமாகி மூணாம் மாசம் என் வயித்தையும் இப்படித்தான் எந்நேரமும் பாத்துக்கிட்டே இருந்தீக. நல்லவேளை, கையில கரண்டி இல்ல."

இந்த இனத்துக்கு ஒரு குணம் உண்டு. தோண்டிப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் தோண்டின கையைச் சந்தேகப்படவே மாட்டார்கள். சபரிநாதன் முதலில் மண்ணைத் திட்டினார். பிறகு வெயிலைத் திட்டினார். லண்டன் குளிர் வேண்டுமாமே என்று மீன் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து ட்ரேயைச் சுற்றி அடுக்கினார், தெருவில் உள்ள பதினாறு பூனையும் மாடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டன. பிறகு எதிர்வீட்டு ஏசியைத் திட்டினார். திட்ட ஆள் தீர்ந்துபோனதும் திரும்பிப் பார்த்தார். சோலையம்மாள் பூவாளியோடு நின்றாள்.

"நீதான தெனமும் தண்ணி ஊத்துற?"

"ஆமா மொதலாளி."

"அதான பாத்தேன். ஒனக்குக் கைராசி இல்ல. இந்தா பாரு சோலை, இருவத்தெட்டாம் நாள் அம்புட்டுப் பேரும் வாராங்க. அன்னைக்கு மொளைச்சிருக்கலேன்னா மறுநாள்லருந்து நீ வர வேண்டாம்."

விதை லண்டன். மண் வாங்கினது இவர். தோண்டினது இவர். வேலை போகப்போவது யாருக்கு? இதில் என்ன அதிசயம் இருக்கிறது? உங்கள் ஆபீசில் வேறெப்படியாம்?

மறுநாள் மத்தியானம் வானம் கருத்தது. அச்சகத்தில் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் சீசன் வேறு. சபரிநாதன் அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடிவந்து, மாடியேறி, ஒரு லாரி லோடையே மூடுகிற தார்ப்பாயை ரெண்டடி ட்ரேயின்மேல் போர்த்தி, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, அதன்மேல் தானும் உட்கார்ந்துகொண்டார்.

சோலையம்மாள் கொடியில் துணி எடுக்க வந்தவள் பார்த்துவிட்டுக் கேட்டாள். "வெதைக்கு மழ நல்லதுதான மொதலாளி?"

"நனைஞ்சா என்னாகும்னு ஒனக்குத் தெரியாதா? கம்பெனியில இருந்தவதான நீ?"

"அது வெடிக்கிற சரக்கு மொதலாளி. இது மொளைக்கிற சரக்கு."

"சரக்குன்னா எல்லாம் சரக்குதான். போ, இன்னொரு செங்கல் கொண்டா."

அவ்வளவு தார்ப்பாயையும் மீறி மண் ஈரமாகத்தான் இருந்தது. காரணம், சோலையம்மாள் அவர் இல்லாத நேரம் பார்த்துப் பூவாளியால் மெல்ல நனைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை அந்த ட்ரேக்குள் புதைந்து கிடக்கிறது, சும்மா விடுவாளா?

பதிமூன்றாம் நாள் காலை. சபரிநாதன் கரண்டியை விட்டார். வந்த விதை வழக்கம்போல் இல்லை. உப்பியிருந்தது. ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளை எட்டிப் பார்த்தது. பதிமூன்று நாள் இடியும் மின்னலுமாகக் கரண்டி விழுந்த இடத்தில், இவ்வளவு கொடுமையையும் பொறுத்துக்கொண்டு அந்த லண்டன் விதை உயிரோடு கையை நீட்டியிருந்தது. பார்த்தவன் கல்லாயிருந்தாலும் கண்ணீர் விட்டிருப்பான்.

சபரிநாதன் விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தார். நொதநொதவென்றிருந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது.

"போச்சு. அம்புட்டும் நமுத்துப் போச்சு!"

சோலையம்மாள் ஓடிவந்து குனிந்தாள். "மொதலாளி, இது மொளையில்ல?"

"மொளைன்னா பச்சையா இருக்கும். இது வெள்ளை. பூசணம்."

"மொளை வெள்ளையாத்தான் இருக்கும் மொதலாளி. பாசிப்பயறக் கட்டி வச்சா நீங்க பாத்ததே இல்லையா?"

"பாசிப்பயறும் பார்ஸ்னிப்பும் ஒண்ணா? தண்ணியா ஊத்தி ஊத்தி நமுக்க வச்சுட்டு எனக்கே பாடம் எடுக்குறியா நீ? தாள எடு."

லேபிள் வேஸ்ட் தாள் ரெண்டு விரிக்கப்பட்டது. ட்ரேயில் இருந்த விதை முழுவதையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தார். தாளின்மேல் பரப்பினார். உச்சி வெயிலில் வைத்தார். அரைமணிக்கு ஒருதரம் வந்து, ஊரில் எல்லோரும் பட்டாசு காயப்போடும்போது செய்கிற மாதிரி, எல்லாப் பக்கமும் ஒரேபோல் காயட்டும் என்று உள்ளங்கையால் பதமாகத் துழாவிவிட்டார். தொழில் தெரிந்த கை. மூன்று மணிக்கெல்லாம் விதை மொறுமொறுவென்று, ஊதினால் பறக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. வெள்ளை முனையெல்லாம் கருகி உதிர்ந்துபோயிருந்தது.

"இப்பப் பாரு. பூசணம் போயிருச்சு. சரக்கு சுத்தமாயிருச்சு" என்று திரும்பவும் ஊன்றினார்.

தாளின் மடிப்பில் ஒரு சிட்டிகை விதை ஈரமண்ணோடு ஒட்டிக்கொண்டு காயாமல் கிடந்தது. சோலையம்மாள் அதைக் காட்டினாள்.

"இத என்ன செய்ய மொதலாளி?"

"நமுத்தத வச்சு என்ன செய்யப் போறோம்? குப்பையில போடு."

சோலையம்மாள் அந்தச் சிட்டிகையைத் தாளோடு சேர்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நாரணாபுரம் போனாள். வீட்டு வாசலில் அடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் வாளி. தண்ணீர்க் குழாய் சொட்டுகிற இடம். வாளியில் மண்ணைப் போட்டு, சிட்டிகையைத் தூவி, குழாயடியில் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான். அதன்பிறகு சோறாக்கினாள், துணி துவைத்தாள், ரேசனுக்குப் போனாள், பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு சண்டையும் போட்டாள்.

இருபத்தெட்டாம் நாள் வந்தது. பாண்டிமுருகன் தலைமையில் ஒரு வேன் நிறையப் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். வடை சாப்பிட்டார்கள். மாடியேறினார்கள்.

"அண்ணாச்சி, போர்டு ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் பாண்டிமுருகன். "செடி எங்கன இருக்கு?"

"செடி... உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"மண்ணுக்குள்ள."

பதினாலு பேரும் ட்ரேயைக் குனிந்து பார்த்தார்கள். சந்திரனை ரொம்பக் கிட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது, அவ்வளவு குழி. யாரோ ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். சபரிநாதனின் காது மடல் சிவந்தது. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார்.

"நான் என்னய்யா செய்யட்டும்? ராவும் பகலும் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தேன். அம்புட்டயும் இவ தண்ணி ஊத்தியே கெடுத்துட்டா. ஏ சோலை! நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? நாளைலருந்து வர வேண்டாம்."

சோலையம்மாள் காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"சரி மொதலாளி. போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிக்கிடுதேன். வந்தவுக வெறுங்கண்ணோட போக வேண்டாம். நீங்க குப்பையில போடச் சொன்னது எங்க வீட்டு வாளியில மொளைச்சிருக்கு. பாக்கணும்னா வாங்க. வேன் போகும்."

வேன் போனது. பின்னாலேயே சபரிநாதன் காரும் போனது. பொன்னுத்தங்கம் "இத நான் பாக்காம விட்டா ஆகாது" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

குழாயடியில் உடைந்த வாளி. வாளியில் பதினேழு கன்று. ஒவ்வொன்றிலும் நீளமாக ரெண்டு இலை, நடுவில் சின்னதாக மூன்றாவது. பதினாலு பேரும் முழங்காலிட்டுவிட்டார்கள். கோயில்களில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. போன்கள் கிளிக்கின.

"எப்படித் தங்கச்சி மொளைக்க வச்சீக?" என்றார் பாண்டிமுருகன். "பஞ்சகவ்யமா? மீன் அமிலமா?"

"எனக்கு வேற சோலி இருந்துச்சுண்ணே."

"அது சரிம்மா. வெதைக்கு என்ன செஞ்சீகன்னு கேக்கேன்."

"அதைத்தான சொல்லுதேன். எனக்கு வேற சோலி இருந்துச்சு."

ஒருவர் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

சபரிநாதனுக்கு முதல் நிமிஷம் ஒரே பூரிப்பு. "நம்ம வெதைதான்! லண்டன்ல எம்மக அனுப்புனது!" என்று எல்லோருக்கும் சொன்னார். இரண்டாவது நிமிஷம் வாளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூன்றாவது நிமிஷம் விரல் நமநமத்தது. இனம் இனம்தானே. கூட்டத்துக்கு நடுவில் மெதுவாகக் குந்தினார், "வேரு எறங்கியிருக்கான்னு மட்டும்..." என்று முனகிக்கொண்டே, இருப்பதிலேயே திடமான கன்றைப் பிடித்து ஒரே இழு.

கன்று கையோடு வந்தது. வேர் இறங்கித்தான் இருந்தது.

பட்டென்று ஒரு சத்தம். சோலையம்மாள் முதலாளியின் புறங்கையில் ஒன்று வைத்துவிட்டாள்.

முதலில் சிரித்தது பொன்னுத்தங்கம்தான். அந்தச் சிரிப்பில் குழாயடியில் நின்ற குடம் ரெண்டு உருண்டது.

பாண்டிமுருகன் சமயம் பார்த்தார். "தங்கச்சி, நம்ம வீட்டுலயும் மாடித்தோட்டம் இருக்கு. விருதுநகருக்கு வாரீகளா? பஸ்ஸ விட்டு எறங்குனா அஞ்சு நிமிச நடைதான்."

சபரிநாதன் துள்ளி எழுந்தார். "ஏ பாண்டி! அது எங்க வீட்டு ஆளுய்யா!"

"இப்பத்தான அண்ணாச்சி வர வேண்டாம்னீக?"

"அது... சும்மா ஒரு கோவத்துல சொன்னது. ஏம்மா சோலை, நீயே சொல்லு."

சோலையம்மாள் கீழே கிடந்த கன்றை எடுத்துத் திரும்ப ஊன்றிவிட்டு, நிதானமாகக் கை கழுவினாள்.

"வாரேன் மொதலாளி. ஆனா மாடிச் சாவி ஏங்கிட்டத்தான் இருக்கும்."

இப்போது சாவி அவள் இடுப்பில். சபரிநாதன் காலையில் மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்காருகிறார். "சோலை, ஒரு அஞ்சு நிமிசம்." மேலேயிருந்து குரல் வரும்: "கையப் பின்னால கட்டிக்கிட்டு வாரதா இருந்தா வாங்க." கட்டிக்கொண்டுதான் போகிறார்.

மனிதர் திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? வாளியைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே குழுவில் போட்டோவோடு ஒரு செய்தி வந்துவிட்டது. "சபரிநாதன் முறைப் பார்ஸ்னிப் சாகுபடி. பதிமூன்றாம் நாள் தரமான விதைகளைத் தேர்ந்தெடுத்துக் குப்பையில் போடவும்." இருநூறு பேர் கும்பிட்டார்கள். மூன்று பேர் போட்டும் விட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். முழங்காலில் பட்ட காயம் ஆறிவிட்டதா என்று பொருக்கைப் பிய்த்துப் பார்த்து, அது ஆறாமல் போனதற்கு மருந்துக்கடைக்காரரைத் திட்டினது நீங்கள் இல்லை. அடுப்பில் இட்லி வெந்துவிட்டதா என்று நாலு தடவை மூடியைத் தூக்கிவிட்டு, மாவு சரியில்லை என்று பெண்டாட்டியிடம் சொன்னதும் நீங்கள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கடைசி வரியை இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறீர்கள் என்று உங்கள் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வீர்களா?